இயன்முறைச் சிகிச்சையில் சோதனைக் குறிப்பும் சிகிச்சைத் திட்டமும்

(பாறசாலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



பிசியோதெரபி என்று நாம் எல்லோரும் வழங்கும் இயன்முறைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கருவிகளைப் பற்றியும், புதிது புதிதாக வரும் முறைகளைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமோ அந்தக் கருவிகளையெல்லாம் விட எளியது. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நடக்கக்கூடியது. நோயாளியைச் சோதித்து எழுதும் குறிப்பு, செய்து முடித்த வேலைக்குக் காட்டும் கணக்கு அன்று, சிகிச்சையின் முதல் அங்கமே அதுதான் என்பதும், அந்தக் குறிப்பு நோயாளி தம் வாழ்க்கையில் மீண்டும் செய்ய விரும்பும் ஒரு காரியத்திலிருந்து தொடங்கி அந்தக் காரியத்திலேயே போய் முடியவேண்டும் என்பதுமே இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

இதனைப் பாறசாலையில் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய காலத்தில், நெய்யூரும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர் ராஜ்யத்தின் ஊர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்றுப் பின் நெய்யூரில் பல்லாண்டு அறுவை வைத்தியராக உழைத்த டாக்டர் சோமர்வெல் பணியாற்றிய ஆஸ்பத்திரி இன்று எல்லைக்கு அப்புறம் இருக்க, அவர் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி எல்லைக்கு இப்புறம் காரக்கோணத்தில் இருக்கிறது. எல்லை மாறிற்று, நோயாளிகள் நடக்கும் வழி மாறவில்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பக்கவாதத்துக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு முதியவர், பத்து நாளில் வீடு திரும்பி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சில நாள் பயிற்சி பெற்று, பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் மார்த்தாண்டத்திலுள்ள மகள் வீட்டுக்குப் போய், அங்கே வேறொரு பிசியோதெரபிஸ்டின் கையில் ஒப்படைக்கப்படுவது இப்பகுதியில் எவருக்கும் ஆச்சரியம் தரும் செய்தி அன்று. இந்த மூன்று கைகளுக்கும் நடுவே அவரோடு கூடச் செல்வது என்ன? பெரும்பாலும் மாத்திரைச் சீட்டும், தலையின் ஸ்கேன் படமும் மட்டுமே. அவருடைய தோள் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை அடி நடந்தார், எதைச் செய்ய அஞ்சினார், எதைச் செய்ய ஆசைப்பட்டார் என்பவை அந்தந்த ஊரிலேயே தங்கிவிடுகின்றன.

என் கருத்தை ஆறு கூறுகளாக வகுத்துக்கொள்கிறேன். அவற்றுள் சிலவற்றில் சற்று நீண்ட நேரம் நிற்பேன்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

1

மருந்து கொடுக்கும் வைத்தியர் மருந்தின் பெயரையும் அளவையும் வேளையையும் எழுதிவிட்டால், அதே மருந்தை எந்த ஊரிலும் எந்த வைத்தியரும் தொடர்ந்து கொடுக்க முடியும். நம் துறையில் மருந்தாக நிற்பது அசைவு. எந்த அசைவு, எந்த நிலையில் படுத்தோ உட்கார்ந்தோ நின்றோ, எவ்வளவு எடையோடு, எத்தனை முறை, எத்தனை தொகுதியாக, இடையே எவ்வளவு ஓய்வோடு, நாளைக்கு எத்தனை வேளை என்ற இத்தனையும் சேர்ந்ததே நம் மருந்தின் அளவு. அப்படியிருக்க, நாள்தோறும் நாம் பார்க்கும் ஏடுகளில் ‘உடற்பயிற்சி கொடுக்கப்பட்டது’ என்று ஒரு வரியும், மறுநாள் ‘முன்போலவே’ என்று ஒரு வரியும், அதற்கடுத்த நாள் மேற்கோள் குறிபோல இரண்டு கோடுகளும் மட்டுமே காணப்படுவது எத்தகைய நஷ்டம் என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். ‘மருந்து கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதிய ஒரு வைத்தியரை நாம் பொறுத்துக்கொள்வோமா?

1968-இல் அமெரிக்க வைத்தியர் லாரன்ஸ் வீட் என்பார், நோயாளியின் பதிவேட்டைப் பிரச்சினைகளின் அடிப்படையில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எழுதிய கட்டுரை உலகெங்கும் மருத்துவக் குறிப்பின் முகத்தையே மாற்றியது. இன்று நம் மாணவர்கள் கற்கும் நாற்பகுதிக் குறிப்பு அந்த வழியில் வந்ததே: நோயாளி சொன்னது, நாம் சோதித்துக் கண்டது, அவ்விரண்டிலிருந்தும் நாம் அடைந்த முடிவு, இனிச் செய்யப்போவது. முதல் இரண்டையும் நம்மவர்கள் ஒருவாறு நிரப்பிவிடுகிறார்கள். நான்காவதையும் பழக்கத்தினால் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதோ வெறுமையாகக் கிடக்கிறது. அல்லது டாக்டர் எழுதியனுப்பிய நோயின் பெயரே அங்கே திரும்ப எழுதப்படுகிறது. ‘முழங்கால் தேய்மானம்’ என்பது படம் பார்த்தவரின் முடிவு. இவரால் ஏன் படியிறங்க முடியவில்லை, தொடைத் தசையின் பலவீனமா, மூட்டு மடங்காமையா, வீக்கமா, விழுந்துவிடுவோம் என்ற பயமா, இந்நான்கில் எதனை முதலில் தீர்த்தால் மற்றவை இளகும் என்று சொல்வதே நம் முடிவு. இந்த மூன்றாம் பகுதியை எழுதாதவர் சிந்திக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிந்தனை அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது, மறுநாள் அவர் விடுப்பில் இருந்தால் நோயாளி புதிதாகப் பிறந்தவர்போல் மற்றொருவர் முன் நிற்கிறார்.

2

எழுதிவைத்த சோதனைகள் எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதிக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சிறந்த திருஷ்டாந்தம் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை ஆசிரியராக வந்தார். மறு ஆண்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்துக்குச் சென்ற அவர், விரல்கள் மடங்கிப்போய்ப் பயனற்றவை என்று எல்லோரும் கைவிட்டுவிட்ட ஒரு கையைப் பற்றிப் பார்த்தபோது, அந்தக் கையின் பிடியில் வலிமை எஞ்சியிருப்பதை உணர்ந்தார் என்பது பலரும் அறிந்த வரலாறு.

அந்த வியப்போடு அவர் நின்றிருந்தால் அது ஒரு நல்ல கதையாக மட்டுமே இருந்திருக்கும். அவரும் அவருடைய சகாக்களும் நோயாளிக்குப் பின் நோயாளியாகக் கைகளைச் சோதித்து, எந்தத் தசை இயங்குகிறது, எது இயங்கவில்லை, எந்த இடத்தில் ஸ்பரிசம் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று ஒரே முறையில் எழுதிச் சேர்த்தார்கள். தனித்தனியே பார்த்தவருக்கு ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதமான அழிவாகத் தோன்றியிருக்க, சேர்த்துப் பார்த்தபோது அதிலே ஓர் ஒழுங்கு புலப்பட்டது. முழங்கையருகிலும் மணிக்கட்டின் மேற்புறத்திலும் குறிப்பிட்ட நரம்புகள் கெடுகின்றன. முன்கையிலுள்ள பல தசைகள் தப்பி நிற்கின்றன. தப்பி நின்ற தசையின் நாணை எடுத்து முடங்கிய விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை இந்தக் குறிப்புகளின் மேல் எழுந்ததே ஆகும். மாற்றிய தசைக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு பிசியோதெரபியுடையது. அப்பணியில் ரூத் தாமஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அவரோடு உழைத்தார்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. என் பேச்சுக்கு அதுவே மிகவும் வேண்டியது. நேரான விரல்களோடு வெளியே சென்றவர்களில் சிலர் பிழைக்க வழியில்லாமல் திரும்பி வந்தார்கள். பிச்சை கேட்பதற்கு மடங்கிய கை உதவிற்று. நேரான கைக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. மூட்டின் பாகையளவில் சிகிச்சை முழு வெற்றி, மனிதனின் வாழ்க்கையிலோ புதிய சங்கடம். அதன் விளைவாக வேலூரில் தொழில் கற்றுக்கொடுக்கும் நவஜீவ நிலையம் தோன்றிற்று. அங்கே தங்கியவர்களின் கையிலும் காலிலும் புண்கள் வந்துகொண்டேயிருக்க, தொழுநோயினால் சதை தானே அழுகுகிறது என்ற பழைய நம்பிக்கையை ஏற்றுக்கொள்ளாமல், ஒவ்வொரு புண்ணுக்கும் அன்றைய தினத்தில் நடந்த காரணம் எது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். சூடான பாத்திரம், சுத்தியலின் பிடி, இறுகிப்போன பூட்டில் திருகிய சாவி, உறக்கத்தில் எலி கடித்தது என்று ஒவ்வொன்றாகக் காரணம் வெளிப்பட்டது. வலி தெரியாத கை தன்னைக் காத்துக்கொள்ளவில்லை என்பதும், சதை அழுகவில்லை என்பதும் இவ்வாறு தெளிவாயின. நூற்றாண்டுகளாகத் தொழுநோயாளிகள் மேல் சுமத்தப்பட்டிருந்த ஒரு பொய், அன்றாடச் சம்பவங்களைச் சலியாமல் குறித்துத் தேடியதனால் சரிந்தது.

3

அளவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தசையின் வலிமைக்கு 0 முதல் 5 வரை, வலிக்கு 0 முதல் 10 வரை, சமநிலைக்குப் பதினான்கு சோதனைகளில் மொத்தம் 56 மதிப்பெண் கொண்ட பெர்க் அளவை, அன்றாடச் செயல்களுக்கு 100 மதிப்பெண் கொண்ட பார்த்தெல் அளவை என்று மாணவர்கள் பலவற்றைக் கற்கிறார்கள். அவை வேண்டியவையே. ஆயினும் மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் ஒரே மூட்டை இருவர் அளந்தால் ஏறத்தாழ 5 பாகை வேறுபாடு இயல்பாகவே வரக்கூடும். ஆகவே ‘3 பாகை முன்னேற்றம்’ என்று எழுதி மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். படுத்த நிலையில் அளந்ததா, உட்கார்ந்த நிலையில் அளந்ததா, காலையிலா மாலையிலா, நோயாளி தானே அசைத்ததா நாம் அசைத்ததா என்பவற்றை எழுதாத எண், ஊர்ப்பெயர் இல்லாத மைல்கல்லைப் போன்றது.

இல்லாததையும் எழுதவேண்டும் என்பதை இங்கேயே வற்புறுத்துகிறேன். முதுகு வலியோடு வருபவரிடம் சிறுநீர் மலம் அடக்கும் சக்தியில் மாறுதல் உண்டா, தொடைகளின் உட்புறம் மரத்திருக்கிறதா, காரணமின்றி எடை குறைந்ததா, இரவில் தூங்கவொட்டாத வலியா என்று கேட்டு, ‘இல்லை’ என்ற விடையையும் தேதியோடு எழுதவேண்டும். இரண்டு வாரம் கழித்து அது ‘உண்டு’ என்று மாறினால், பயிற்சியை நிறுத்தி அவரை அன்றைக்கே அறுவை வைத்தியரிடம் அனுப்புவதற்கு அந்தப் பழைய ‘இல்லை’யே ஆதாரம்.

4

இனி என் கருத்தின் இருதயத்துக்கு வருகிறேன். 1965-இல் வெளியான பார்த்தெல் அளவையில் உண்ணல், குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், நடத்தல், படியேறல் முதலிய பத்து இனங்கள் உண்டு. நூற்றுக்கு நூறு பெற்றவரும் தனித்து வாழ வல்லவர் என்று கொள்ளலாகாது என்று அதனை வகுத்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள். நம் ஊரை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் படியுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதல் அதில் இல்லை. குத்துக்காலிட்டு உட்காருதல் இல்லை. கிணற்றில் நீர் இறைத்தல் இல்லை. ஆலயத்தில் முழங்காலிடுதல் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பிவந்து அமர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பிரசித்தமான சோதனை, ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியை வைத்து வகுக்கப்பட்டது. வீட்டில் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து எழும் பாட்டிக்கு அது சொல்வது பாதி உண்மையே.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட செயற்பாட்டு வகைப்பாடு, உடலுறுப்பின் குறையை ஒரு பக்கத்திலும், மனிதனின் செயலையும் சமூகத்தில் அவன் பங்கேற்பையும் மறுபக்கத்திலும் வைத்து, சுற்றுப்புறத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. அந்தப் பெரிய தத்துவத்தை நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்குக் கொண்டுவந்தால் அது மிக எளிய ஒரு கேள்வியாகிவிடுகிறது: நீங்கள் எந்த வேலைக்குத் திரும்பிப் போகவேண்டும்? பாலராமபுரத்துக் குழித்தறியில் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளரின் இடுப்புக்கும், பூவாறு கரையில் மீன்கூடையைத் தலைமேல் தூக்கும் பெண்ணின் கழுத்துக்கும், பனையேறியின் தோளுக்கும் ஒரே அச்சிட்ட பயிற்சித் தாளைக் கொடுப்பது எவ்விதத்திலும் சிகிச்சைத் திட்டம் ஆகாது.

ரப்பர் வெட்டும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒருவரின் கதையும் அன்று, விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்டது. வயது ஐம்பத்திரண்டு. வலது முழங்காலில் வலி. விடியுமுன் தலைவிளக்கோடு சரிவான தோட்டத்தில் ஏறி, முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, வெயில் ஏறியபின் பால் நிறைந்த வாளியோடு அதே சரிவில் இறங்குகிறவர். குறிப்பின் முதல் வரியில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்: ‘ஏறும்போது ஒண்ணுமில்ல, வாளியோட எறங்கும்போது முட்டு விட்டுப்போகுது.’ இந்த ஒரு வாக்கியம் சோதனைக்கு வழி காட்டிவிட்டது. இறங்கும்போது உடலின் பாரத்தைத் தாங்கி நிறுத்தவேண்டிய தொடைத் தசை இரு கால்களிலும் எப்படி இருக்கிறது, வெறுங்கையோடு படியிறங்கும்போது வலி எவ்வளவு, எடையோடு இறங்கும்போது எவ்வளவு, முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, முப்பது விநாடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறார் என்று அளக்கிறோம். முடிவு: மூட்டின் மடக்கம் போதுமானது, தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வலிமையில் குறைவு, அதனால் இறக்கத்தில் மூட்டு உறுதியற்றிருக்கிறது. இலக்கு: ஆறு வாரத்தில் பாதி அளவு பால் நிறைந்த வாளியோடு தோட்டத்தின் இறக்கத்தை, வலி 10-க்கு 3-ஐத் தாண்டாமல், பிடித்துக்கொள்ளாமல் இறங்குதல். திட்டம்: எந்தப் படியில், எத்தனை உயரத்தில், எத்தனை முறை மெதுவாக இறங்கும் பயிற்சி, எந்த வாரத்தில் எடை சேர்ப்பது, எந்த அறிகுறி கண்டால் குறைப்பது, அதுவரையில் வாளியை இரண்டாகப் பிரித்துச் சுமக்க வீட்டாரோடு ஏற்பாடு. மறுசோதனை: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே படியில், அதே எடையில்.

இலக்கை யார் சொன்னது என்பதையும் எழுதவேண்டும். மகன் விரும்புவது தாய் வேலையையே விட்டுவிட வேண்டும் என்பதாயிருக்கலாம். தாய் விரும்புவது கூலியாயிருக்கலாம். இரண்டையும் கேட்டு, நோயாளியின் விருப்பத்தையே இலக்காக எழுதி, மற்றதைப் பக்கத்தில் குறித்துவைப்பதே நேர்மை.

5

இந்த மண்ணுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போவது தவறாகும். பன்னிரண்டு படுவர்மமும் தொண்ணூற்றாறு தொடுவர்மமுமாக நூற்றெட்டு என்று வகுத்து, அடிபட்டவனை எத்தனை நாழிகைக்குள் எந்த அடங்கல் புள்ளியில் இளக்கவேண்டும் என்று கூறும் வர்ம நூல்களைப் போற்றிவந்த ஆசான்கள் வாழ்ந்த நாடு இது. எல்லைக்கு அப்பால் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. காலத்தையும் குறியையும் இவ்வளவு நுட்பமாகக் கவனித்த ஒரு மரபு, பொதுவிதியைச் சுவடியில் எழுதிற்று. தனி நோயாளி எப்படி வந்தார், எப்படிச் சென்றார் என்பதை எழுதிவைக்கும் வழக்கம் அதில் வேரூன்றவில்லை. அது அவர்கள் குற்றம் அன்று, அக்காலத்தில் எந்த மரபிலும் அது அரிது. நாம் இன்று செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம்மிடம் வருபவர்களில் பலர் முன்னமே ஆசானிடம் தடவலும் கட்டும் எண்ணெயும் பெற்றவர்கள். கடிந்துகொள்வோம் என்று அஞ்சி மறைக்கிறார்கள். எத்தனை நாள் கட்டு இருந்தது, கட்டு அவிழ்த்தபின் கை எப்படியிருந்தது, எந்தத் தடவலுக்குப் பின் வலி குறைந்தது அல்லது கூடிற்று என்று மரியாதையாகக் கேட்டு, அபிப்பிராயம் சேர்க்காமல் எழுதவேண்டும். அந்த மரபை ஆராய விரும்பும் நாளைய மாணவனுக்கும் அதுவே முதல் பொருள்.

6

கடைசியாக, அந்தக் குறிப்பு யாரிடம் இருக்கவேண்டும்? உள்நோயாளியின் பதிவை மூன்று ஆண்டு காத்துவைக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. 2021-இல் இயற்றப்பட்ட சட்டம் நம் துறையையும் தேசிய ஆணையம் ஒன்றின்கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. விதிகள் வருமளவும் காத்திராமல், நோயாளியின் வீட்டிலேயே ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். இதற்கு இப்பகுதியில் அடித்தளம் இருக்கிறது. 2008-இல் சாந்துவனச் சிகிச்சை (நோய்த்தணிப்புச் சிகிச்சை)க் கொள்கையை அறிவித்த கேரளத்தில், படுக்கையிலிருப்போரை ஊராட்சியின் செவிலியர் வீடு தேடிச் சென்று பார்த்துவருகிறார். அவர் எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நாம் எழுதலாம். வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைந்த ஊர் இது; எனவே, நோட்டை யார் படிப்பார்கள் என்று கேட்டறிந்து, அவர் படிக்கும் எழுத்தில் பயிற்சிகளையும், எவருக்கும் விளங்கும் கோட்டுச் சித்திரங்களையும், எல்லைக்கு அப்பாலுள்ள வைத்தியருக்கு வேண்டிய அளவுகளையும் வைக்கவேண்டும். அண்டை வீட்டார் பார்க்கக்கூடாத விவரங்களை அதில் எழுதலாகாது. அவை ஆஸ்பத்திரி ஏட்டிலேயே இருக்கட்டும்.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தை நான் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஏடுகளில் மிகப் பல, முடிவு எழுதப்படாமலே நின்றுபோகின்றன. நோயாளி ஒரு நாள் வரவில்லை, அதன்பின் வெற்றுத் தாள். அவர் குணமடைந்து வேலைக்குப் போய்விட்டாரா, ஓய்வுக்காலம் முடிந்து ரப்பர் மரவெட்டுத் தொடங்கியதால் காலையில் வர நேரமில்லையா, பஸ் கட்டணம் கட்டுப்படியாகவில்லையா, மகள் வீட்டுக்குப் போனாரா, நம் பயிற்சியில் நம்பிக்கை இழந்தாரா, மறைந்தே போனாரா என்பதில் ஒவ்வொன்றும் நம்மிடம் வேறு வேறு பதிலை எதிர்பார்க்கிறது. வெற்றுத் தாளோ எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. இரண்டு தவணை தவறியவரின் வீட்டுக்குத் தொலைபேசியிலோ, முடிந்தால் நேரிலோ சென்று விசாரித்து, காரணத்தை அவர் வாய்மொழியிலேயே தேதியிட்டு எழுதும் பொறுப்பை ஒவ்வொரு பிசியோதெரபிப் பிரிவும் ஒருவருக்குப் பெயர் குறித்து ஒப்படைக்கவேண்டும். இச்சபையிலுள்ள மாணவர்கள் தங்கள் பயிற்சிக் காலத்தில் அந்தப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று அவர்களைப் பிரியத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.